ஆல்டோ புத்தகத்தில் ஒன்பது இடங்கள்

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் நீ அப்படியே நம்பிவிடுவாய் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. மற்றபடி குறையில்லை. உன் இருமல் போயிற்றா, இல்லை இன்னும் வளர்த்துக்கொண்டிருக்கிறாயா?

உன்னால் ஒரு வேலை ஆகவேண்டும். உன் ஊர் நூலகத்தில் முந்நூறு வருடத்துக்கு முன்னால் கையால் எழுதிய நாலு சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டு. செய்த தப்புக்கு வருந்தி ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிற பாட்டு. எழுதியவர் பெயர் முதல் பக்கத்தோடு கிழிந்து போய்விட்டது. அந்தக் காலத்தில் நாலு குரலையும் ஒரே தாளில் எழுதுவதில்லை. அடிக்குரலான பேஸ் பாடுகிறவருக்கு ஒரு புத்தகம், அதற்கு மேலே டெனருக்கு ஒன்று, அதற்கும் மேலே ஆல்டோவுக்கு ஒன்று, உச்சிக்குரலான சோப்ரானோவுக்கு ஒன்று. அவரவர் புத்தகத்தில் அவரவர் குரல் மட்டும்தான் இருக்கும். நாலு பேரும் சேர்ந்து வாயைத் திறந்தால்தான் பாட்டு என்ன என்றே தெரியும்.

மார்ச் கடைசி ஞாயிறு எங்கள் தேவாலயத்தில் இதைப் பாடவேண்டும். புதிதாக வந்திருக்கும் போதகர், சபைப் பாடகர்களை நடத்துகிற என்னிடம், "போன வருஷம் பாடினதையே பாடினா பாதி சபை தூங்கிடும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிறவர்களில் இந்தப் பாட்டைக் கேட்டவர் யாரும் இல்லை. அச்சகத்துக்குப் பாட்டுகளைச் சுத்தப்பிரதி எடுத்துக் கொடுப்பதுதானே உன் பிழைப்பு? எனக்கும் எடுத்துக் கொடு. ஒவ்வொரு குரலாக முடிய முடியத் தபாலில் அனுப்பு.

இன்னொன்று. வழக்கமான கேள்விதான். அம்மா கடைசி வாரத்தில் என்னைக் கேட்டாளா? போனில் கேட்டால் லைன் சரியில்லை என்கிறாய். கடிதத்தில் லைன் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

பதிலை எதிர்பார்த்து,
அக்கா


நவம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் பாடகர்கள் எல்லோரும் சுகம்தானே?

நூலகத்துக்குப் போய்விட்டேன். இரண்டாவது மாடி, வடக்குப் பக்க அறை. பேனா கூடாது, பென்சில் மட்டும். கோட்டைக் கழற்றி வெளியே மாட்டவேண்டும். புகைப்படம் கூடாது, வெளிச்சம் பட்டால் மை வெளிறுமாம். புத்தகத்தைப் பஞ்சுத் தலையணையில் படுக்கவைத்து, பக்கம் மூடாமல் இருக்க மணி கோத்த கயிற்றை மேலே போடுகிறார்கள். நூலகத்து அம்மாள் என் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேற்று மூக்கை உறிஞ்சினேன், "சளியா? அப்ப நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

பேஸ் முடிந்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதியவன் கை அருமையான கை. மை பழுப்பாகிவிட்டது, ஆனாலும் ஒரு சுரக்குறியின் உருண்டைத் தலைகூடச் சாயவில்லை. பேஸ் புத்தகத்தில் வேடிக்கை ஒன்று பார்த்தேன். குரல் முழுப் படியாக இறங்காமல் அரை அரைப் படியாகக் கீழே போகிறது, இருட்டு மாடிப்படியில் கால் தடவி இறங்குகிற மாதிரி. அடியில் போய் நின்று, மறுபடி மேலேயிருந்து ஆரம்பிக்கிறது. பதினோரு தடவை.

டெனர் அடுத்த வாரம் தொடங்குவேன். வீட்டில் குழாய் ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்
தம்பி


டிசம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

குழாய் சரியானதா? சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பேஸ் வந்தது. எங்கள் பேஸ்களுக்குத் தலைவர் ஒரு பஸ் டிரைவர். அவர் குரலுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் இடி. முதல் நாள் பாடிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, போய்க்கிட்டே இருக்கு, ஸ்டாப்பே இல்ல?" என்றார். பத்தாவது தடவை இறங்கும்போது யாரும் சிரிக்கவில்லை. பாடகர் அறையில் ஜன்னலோரம் நிற்கும் பியானோகூட அந்த இறக்கத்தை வாசித்தால் வேறு பியானோ போலக் கேட்கிறது. அந்தக் காலத்துக்காரர்களுக்கு அழுகையைச் சொல்ல அது ஒரு வழி. கத்த மாட்டார்கள், இறங்குவார்கள்.

நீ குழாயைப் பற்றி எழுதினாய், மூக்கைப் பற்றி எழுதினாய், மணி கோத்த கயிற்றைப் பற்றிக்கூட எழுதினாய். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. இதை எத்தனை வருடமாகச் செய்கிறாய் தெரியுமா? பிப்ரவரி வந்தால் அம்மா போய் ஆறு வருடம்.

அம்மா படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் நான் வேறொரு பாடகர் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். "அம்மாவுக்குக் கொஞ்சம் தளர்ச்சி, அவசரமில்லை, நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு நிதானமாக வா" என்று எழுதினாய். அந்தக் கடிதம் கிடைத்த பத்தாம் நாள் குழுவின் அலுவலகத்துக்குப் போன் செய்தாய், எல்லாம் முடிந்துவிட்டது என்று. அந்த நாட்களில் அவள் என்ன பேசினாள் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். என்னைக் கேட்டாளா, கேட்கவில்லையா? ஒரு வரி போதும்.

டெனரோடு அந்த வரியையும் அனுப்பு.

அக்கா


ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அச்சகத்தில் வேலை நெரித்தது. நீ நலம்தானே, முழங்கால் எப்படி?

டெனரும் சோப்ரானோவும் இத்துடன். சோப்ரானோ வரியில் இரண்டு இரண்டு சுரமாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. முதலாவது கனமாக விழும், இரண்டாவது மெதுவாக அடங்கும். பெருமூச்சு மாதிரி. ஒவ்வொரு பெருமூச்சுக்கும் முன்னால் சின்ன இடைவெளி. பாடுகிறவர் அங்கே மூச்சு வாங்கக் கூடாது என்று நினைக்கிறேன். உனக்குத் தெரியாததா, நான் சும்மா சொல்கிறேன்.

ஆல்டோ கொஞ்சம் சிக்கல். மற்ற மூன்றும் எழுதிய கைதான், ஆனால் இந்தப் புத்தகத்தில் பிழைகள் இருப்பது போலத் தெரிகிறது. பூச்சியும் அரித்திருக்கிறது. நன்றாகச் சரிபார்த்து, பத்து நாளில் அனுப்பிவிடுவேன்.

இங்கே குளிர். உன் சால்வையைப் போட்டுக்கொள்.

அம்மாவைப் பற்றி நேரில் பேசலாம், அக்கா. கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை.

என்றும் உன்
தம்பி


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஊர்க் குளிர் தணிந்ததா? இங்கே எல்லோரும் சுகம். சோப்ரானோக்களின் தலைவியான கணக்கு டீச்சருக்கு மட்டும் தொண்டைக்கட்டு, மூன்று நாளாகப் பள்ளியில் சைகையிலேயே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம்.

கடிதத்தில் எழுத முடியாது, நேரில் பேசலாம் என்கிறாய். போன வருடம் நேரில் நான்கு நாள் இருந்தேன். அப்போது, "எழுதறேங்க்கா" என்றாய்.

ஆல்டோ வந்தது. வியாழக்கிழமை நாலு குரலையும் முதல் தடவையாகச் சேர்த்தோம். இரண்டு மாதமாக இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். பாடி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனிமையாக இருந்தது, தம்பி. அவ்வளவுதான் இருந்தது. பஸ் டிரைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, இது மன்னிப்புக் கேக்கற பாட்டா, புள்ளையத் தூங்கவைக்கற பாட்டா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

நான் இருபது வருடமாக இந்தக் காலத்துப் பாட்டுகளோடு குடும்பம் நடத்துகிறேன். மன்றாட்டுப் பாட்டு என்றால் அதில் உரசல் இருக்கும். எப்படி வரும் என்றால், நாலு குரலும் ஒற்றுமையாகப் போய்க்கொண்டிருக்கும்போது மூன்று குரல் நகரும், ஒரு குரல் மட்டும் நகராது. பழைய சுரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு நொடி முன்னால் வரை சரியாக இருந்த சுரம், நின்ற இடத்திலேயே தப்பாகிவிடும். பக்கத்துக் குரலோடு மோதி உறுத்தும். கேட்கிறவர்களுக்குப் பல் கூசும். பிறகு அந்தக் குரல் ஒரு படி கீழே இறங்கும், அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வரும். வேறு வழியே கிடையாது அதற்கு, மேலே ஏறித் தப்பிக்க முடியாது.

நீ அனுப்பிய நாலு குரலில் அப்படி ஒரு இடம்கூட இல்லை. ஆல்டோ எங்கேயும் யாரோடும் மோதவில்லை. எல்லோருக்கும் முன்னால் நல்ல பிள்ளையாக இறங்கி ஒதுங்கிவிடுகிறது. ஆல்டோக்களுக்கு முன்வரிசையில் நிற்கும் தையல்கார அம்மாள், "எனக்கு இதுல வேலையே இல்லையே, துணிக்கு உள்துணி வெச்ச மாதிரி இருக்கு" என்கிறார்.

நேராகக் கேட்கிறேன். புத்தகத்தில் இருக்கிறபடிதான் எழுதினாயா?

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

புத்தகத்தில் உள்ளபடிதான் எழுதினேன். எல்லாப் பாட்டிலும் உரசல் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லையே. எழுதியவர் சாந்தமானவராக இருந்திருக்கலாம். இன்னும் நான்கு தடவை பாடினால் பழகிவிடும்.

அச்சகத்தில் கூப்பிடுகிறார்கள்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் நூலகத்து அம்மாளுக்கு எழுதினேன். ஆல்டோ புத்தகத்தில் சந்தேகமான இடங்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் முழுப் புத்தகத்தையும் பென்சிலால் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார், கூடவே ஒரு குறிப்பு: "பூச்சி அரித்த இடங்கள் ஓரத்தில் மட்டுமே. சுரங்கள் எல்லாம் தெளிவாக உள்ளன."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது இடங்களில் ஆல்டோ நிற்கிறது. நீ ஒன்பது இடங்களிலும் அதை நகர்த்தியிருக்கிறாய்.

பாட்டு லத்தீனில் இருக்கிறது. அந்த ஒன்பது இடத்திலும் என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும், நீதானே சுரத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக எழுதினாய். ஒன்பது இடத்திலும் "நான்" என்கிற வார்த்தைதான். செய்தது நான், மறைத்தது நான் என்று பாடுகிற இடம். மற்றவர்கள் அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறார்கள், ஆல்டோ மட்டும் "நான்" என்பதை விடாமல் நிற்கிறது. பெயர் தெரியாத அந்த மனிதர் இந்த ஒன்பது உரசலுக்காகத்தான் மொத்தப் பாட்டையும் எழுதியிருக்கிறார். நீ ரப்பர் வைத்துத் துடைத்துவிட்டாய்.

திருத்தினால் ஓரத்தில் சின்னக் குறி போடவேண்டும் என்பது உன் தொழிலில் அரிச்சுவடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அம்மாவுக்கும் எனக்கும் பெருமையாக விளக்கிச் சொன்னவன் நீ. ஒரு இடத்தில்கூடக் குறி இல்லை. நான் நேராகக் கேட்டும் "உள்ளபடிதான்" என்று எழுதினாய். பிழை என்று நினைத்துத் திருத்தியிருந்தால் அதைச் சொல்வதில் உனக்கு என்ன கஷ்டம்? நீ பிழை என்று நினைக்கவில்லை.

இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. பாட்டுக்காக மட்டும் இல்லை. "அம்மாவுக்குக் கொஞ்சம் தளர்ச்சி, அவசரமில்லை" என்ற கடிதமும் உன் கையெழுத்துதான். அதுவும் இப்படித்தான் சுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. பாட்டில் ஒன்பது இடத்தில் கை வைத்தாய். அதில் எங்கே கை வைத்தாய்?

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? தூங்கு அக்கா, தயவுசெய்து.

ஆல்டோ முழுவதையும் புதிதாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சுரத்தையும் மூன்று தடவை ஒப்பிட்டேன். நூலகத்து அம்மாள் பென்சிலைத் தானே சீவிக் கொடுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திருத்தம் நேர்ந்துவிட்டது. ஆல்டோவையும் சோப்ரானோவையும் வீட்டில் பக்கத்தில் வைத்துப் பாடிப் பார்த்தபோது காதுக்குத் தாங்கவில்லை. கை தானாகப் போய்விட்டது. அப்புறம் ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் திருத்தவேண்டியதாகிவிட்டது.

மற்றதையும் கேட்டுவிட்டாய். சொல்கிறேன். அம்மாவுக்கு உடம்பு நான் எழுதியதைவிட மோசமாகத்தான் இருந்தது. டாக்டர் நாள் கணக்குத்தான் என்று சொல்லிவிட்டார். உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தனிப்பாட்டு என்று எழுதியிருந்தாய். அதற்கு எத்தனை வருடம் உழைத்தாய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது கெட்டுப்போகக் கூடாது, நீ பாடி முடித்துவிட்டு வந்தாலும் நேரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். கணக்கு தப்பிப்போய்விட்டது. உன் நல்லதுக்கு என்று நினைத்தது இப்படி ஆகிவிட்டது. ஆறு வருடமாக இது என் நெஞ்சில் கல்லாக இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

ஆல்டோ கிடைத்தது. சரியாக இருக்கிறது.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். நேர்ந்துவிட்டது, போய்விட்டது, தப்பிப்போய்விட்டது, இப்படி ஆகிவிட்டது. யாருமே எதையும் செய்யாமல் அம்மா எப்படிப் போனாள்? என் நல்லதுக்கு என்கிறாய். அது அழகான காரணம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், கேட்பவர் உன் தோளைத் தட்டிக்கொடுப்பார். ஆறு வருடம் நெஞ்சில் கல்லாக உட்காருகிற காரணம் அது இல்லை.

நான் கேட்டது அம்மா என்னைக் கேட்டாளா என்று. அதற்கு உன் கடிதத்தில் இன்னும் பதில் இல்லை.

மறுபடி எழுது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் தபாலில் போட்டுவிடவேண்டும் என்று அச்சகத்துக்குப் போகிற வழியில், தபால் நிலையத்து மேஜையிலேயே நின்றுகொண்டு எழுதுகிறேன். பின்னால் ஒருவர் பசைக்காகக் காத்திருக்கிறார்.

கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை. நான் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா நம் இருவருக்கும் வைத்த பட்டப்பெயரை நீ மறந்திருக்க மாட்டாய். "ஊமை, ரேடியோவுக்கு எழுதுடா. பாக்கணும்னு சொல்லு" என்றாள். அவ்வளவு தெளிவாக அவள் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.

எட்டு மாதம் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டேன், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தேன், வாயில் ஸ்பூனால் தண்ணீர் ஊற்றினேன். வேலையை விட்டேன். ஒரு நாள்கூட அவள் என்னைப் பார்க்கவேண்டும் என்று சொன்னதில்லை. பக்கத்திலேயே இருக்கிறவனைப் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது இப்போது தெரிகிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது, அக்கா. கடைசியில் வந்து நிற்கப்போவது நீ, அவள் சிரிக்கப்போவது உன்னைப் பார்த்து, நான் விரிப்பை மடித்துக்கொண்டு ஓரமாக நிற்கவேண்டும் என்று தோன்றியது. உனக்கு அவசரமில்லை என்று எழுதினேன். உன் தனிப்பாட்டைப் பற்றி நான் அன்றைக்கு நினைக்கவே இல்லை. அதைக் காரணமாகக் கண்டுபிடித்தது பிறகுதான்.

இன்னும் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி கேட்டாள். "எழுதினியா? என்ன சொன்னா?" அப்போதுகூடச் சரிசெய்திருக்கலாம், போன் செய்திருந்தால் இரண்டே நாளில் நீ வந்திருப்பாய். நான் சொன்னேன்: "எழுதிட்டேன்மா. அவளுக்கு வேலை இருக்காம்."

அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "சரி, வேலைன்னா வேலைதான்" என்றாள். அப்புறம் உன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஐந்து நாள் இருந்தாள். உன் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த வீட்டு நர்ஸ், "அக்காவுக்குச் சொல்லிட்டியா?" என்று அந்த முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தினமும் கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ வர மறுத்துவிட்டாய் என்று நம்பிக்கொண்டுதான் அம்மா போனாள். அதைச் செய்தது நான். வேறு யாரும் இல்லை.

அந்த ஒன்பது இடத்தைப் பாடிப் பார்த்தபோது எனக்குக் காது கூசவில்லை. வார்த்தையைப் படித்ததும் பென்சில் பிடிக்க முடியவில்லை. பிழை இல்லை என்று தெரிந்துதான் நகர்த்தினேன்.

மன்னிப்பு என்று இந்தத் தடவை எழுதவில்லை. நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கேட்காமல் ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

உன் கடிதம் பாடுவதற்கு மூன்று நாள் முன்னால் வந்தது. படித்துவிட்டு உன்னை வைதேன். சமையலறையில் நின்றுகொண்டு, சத்தமாக, பக்கத்து வீட்டில் கேட்கும்படி. பிறகு ஒத்திகைக்குப் போனேன். தையல்கார அம்மாள், "உங்க முகம் சரியில்லையே, மாத்திரை ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம், அந்த ஒன்பது இடத்தை இன்னொரு தடவை பாடுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நிறைந்துவிட்டது, கல் தரையில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேஸ் இறங்க ஆரம்பித்தபோதே இருமல் சத்தங்கள் நின்றன. முதல் இடம் வந்தது. மூன்று குரல் நகர்ந்தது, ஆல்டோ நின்றது. முன்வரிசையில் ஒருவர் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார். தையல்கார அம்மாள் அசையவே இல்லை. ஒன்பதாவதும் முடிந்தது. போதகர் எழுந்து பேசவேண்டிய நேரம், அவர் எழுந்திருக்கவில்லை.

மன்னிப்பைப் பற்றி. எனக்கு நீ செய்ததை என்றாவது மன்னித்துவிடுவேன், எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. இன்றைக்கு இல்லை. ஜன்னலைப் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அம்மாவுக்குச் செய்ததை மன்னிக்க எனக்கு உரிமை கிடையாது.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வரவேண்டாம், வீட்டிலேயே இரு. நேரில் வந்து சொல்லத் தைரியம் வராது, அதனால் ஒன்றை முன்கூட்டியே எழுதுகிறேன். இந்த இரண்டு வாரமும் பதில் எழுதாமல் இருந்தது உன்மேல் இருந்த கோபத்தால் மட்டும் இல்லை.

அடுத்த வீட்டு நர்ஸ் உன்னை நம்பவில்லை. அவரே எனக்கு எழுதினார். அவசரமில்லை என்ற உன் கடிதம் நான் தங்கியிருந்த விடுதிக்கு வந்த மறுநாள் அவருடையதும் வந்தது. இரண்டே வரி. "அம்மா உன்னைத்தான் கேட்கிறார். உடனே கிளம்பி வா." இரண்டு கடிதத்தையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு ரயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தனிப்பாட்டு. அந்த நர்ஸ் எதையும் பெரிதுபடுத்துகிறவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். உன்னுடையதை நம்பினேன், ஏனென்றால் அதை நம்பினால் நான் பாடலாம்.

ஆறு வருடமாக உன்னை ஏன் அந்த ஒரு கேள்வியால் அரித்தேன் தெரியுமா? "கேட்கவில்லை, அக்கா" என்று நீ ஒரு தடவை சொல்லிவிடவேண்டும் என்பதற்காக. சொல்லியிருந்தால் நர்ஸ் சொன்னது பொய் என்று ஆகியிருக்கும், நான் தப்பித்திருப்பேன். அவர் கடிதத்தை மறைத்து வைத்துக்கொண்டு, போன மாதம் உன்னிடம் ஏதோ நீதிபதி மாதிரி, மறுபடி எழுது, மறுபடி எழுது என்றேன்.

எனக்கு வேலை இருக்கிறது என்று நீ அம்மாவிடம் சொன்னாயே, அது பொய் இல்லை, தம்பி. எனக்கு வேலைதான் இருந்தது.

அக்கா